ஏற்காட்டு பங்களா தட்டா, செவ்வாய்ப்பேட்டை வீட்டு டைல்ஸா?

சேலத்தில் பழைய பீங்கான் சேர்க்க ஆரம்பித்தால் முதலில் கைக்கு வருவது இரண்டு. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களிலிருந்து இறங்கி வரும் இங்கிலாந்து நீலப்பூத் தட்டு ஒன்று, இடிபடுகிற பழைய வீடுகளின் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஜப்பான் டைல்ஸ் இன்னொன்று. எதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று கேட்டால் பலரும் தட்டு என்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இப்போது டைல்ஸ் பக்கம் வந்துவிட்டேன்.

தட்டின் பலம் அதன் முதுகு. 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவான வடிவங்களுக்கு ஒரு சாய்சதுர முத்திரை உண்டு, அதன் மூலைகளில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து வடிவம் பதிவான நாளையே சொல்லிவிடலாம். 1884-லிருந்து வெறும் பதிவு எண். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா அப்போதுதான் சட்டம் போட்டது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

இது தெரியாமல் 4,500 ரூபாய்க்கு ஒரு வில்லோ தட்டு (சீனப் பாணியில் வில்லோ மரமும் பாலமும் வரைந்த நீல வடிவம்) வாங்கினேன். பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவை, நல்ல நீலம். காக்பர்ன் துரை காலத்துத் தட்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் அவர். வீட்டுக்கு வந்து பின்னால் ஒட்டியிருந்த விலைச்சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்தால், அதற்கு அடியில் 'மேட் இன் இங்கிலாந்து'. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல. பங்களா கதைக்கும் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. வில்லோ வடிவத்தை 1790-களிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் போட்டிருக்கின்றன, இன்னும் போடுகிறார்கள். முத்திரை சொல்வது தட்டு பிறந்த ஊரையும் காலத்தையும் மட்டும்தான், அது யார் வீட்டில் இருந்தது என்பதை அல்ல.

டைல்ஸ் கதை வேறு. லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன் என்று நம் சாமிகளையே புடைப்பாக அச்சிட்டு 1920-கள், 30-களில் ஜப்பானியர்கள் இங்கே அனுப்பினார்கள், அவாஜி தீவின் டான்டோ கம்பெனி அதில் முக்கியமானது. ஆறங்குலச் சதுரம். மேட்டில் மெருகு (மேலே பூசிச் சுட்ட கண்ணாடிப் பூச்சு) மெலிந்தும் பள்ளத்தில் தேங்கி அடர்ந்தும் இருக்கும், கையால் தடவினாலே தெரியும். வருடக் குறி கிடையாது. ஆனால் இரண்டாம் உலக யுத்தம் வந்து ஏற்றுமதி நின்றுபோனதால் கால எல்லை தானாகவே குறுகிவிடுகிறது.

அப்புறம், டைல்ஸுக்குச் சுவர் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டை இடிக்கும் முன்னால் போயிருந்தேன், அந்த வீட்டு அம்மாயி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்: "இந்த லட்சுமி, மாடத்துக்கு நேர் மேல இருக்குது கண்ணு, எங்க மாமியார் காலத்துல இருந்து தினமும் விளக்கு வச்சோம்." பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த ஒரு டைலில் மட்டும் மெருகின் மயிரிழை வெடிப்புகளுக்குள் விளக்குப் புகை கறுப்பாக இறங்கியிருந்தது, மற்ற மூன்றில் அது இல்லை. கூடவே கிரயப் பத்திரம் கிடைத்தால் வீடு எப்போது கைமாறியது என்பதும் தெரிந்துவிடும். தட்டுக்கு இப்படி ஒரு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

பெயர்க்கும்போது நாலில் ஒன்றாவது உடையும், அதில் தட்டுதான் நிம்மதி. பின்னால் ஒட்டிய சுண்ணாம்புச் சாந்தை ஆசிட் ஊற்றிக் கரைக்காதீர்கள், மெருகு கெட்டுவிடும். வெறும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் தட்டினால் போதும், முத்திரை இருந்தால் அதன் அடியிலிருந்து வரும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பழைய தட்டுக்கு அது எப்போதோ பொருந்திவிட்டது, டைல்ஸும் அந்த வயதைத் தொட ஆரம்பித்துவிட்டன.

அந்த நாலு டைலையும் சுவரில் இருந்தபடியே படம் எடுத்து, அம்மாயி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, ஒவ்வொன்றின் பெட்டியிலும் வைத்திருக்கிறேன்.