ஸ்டீபன்சனின் பாதையும் புருனெலின் பாதையும்

1781-இல் இங்கிலாந்தின் வைலம் சிற்றூரில் பிறந்து, 18 வயதில்தான் எழுதப் படிக்கக் கற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன், நிலக்கரிச் சுரங்க வண்டிப்பாதைகளின் அகலத்தை (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை) ஏறத்தாழ அப்படியே ஏற்று, 1,435 மில்லிமீட்டர் அளவில் தம் இருப்புப்பாதைகளை அமைத்தார். பிரான்சில் கல்வி பயின்ற இசம்பார்ட் கிங்டம் புருனெலோ, 1833-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொறியாளரான பின், அந்த மரபைப் புறந்தள்ளி 2,140 மில்லிமீட்டரைத் தேர்ந்தார்.

வேகத்தையும் நிலைத்தன்மையையும் மட்டும் கொண்டு பார்த்தால் புருனெலின் தேர்வே சிறந்தது என்பேன். 1845-இல் அரசு ஆணையம் நடத்திய சோதனை ஓட்டங்களிலும் அவருடைய அகலப்பாதை எஞ்சின்களே முந்தின. ஆனால் ஒரு பாதை தனித்து இயங்குவதில்லை. இரு அகலங்களும் சந்தித்த குளோஸ்டரில் பயணிகள் வண்டி மாற நேர்ந்தது. சரக்குகளையெல்லாம் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்டீபன்சன் அளவுப் பாதைகள் அதற்குள் பன்மடங்கு நீண்டுவிட்டதால், 1846-இல் வந்த சட்டம் புதிய பயணியர் பாதைகளுக்குப் பொதுவாக அந்த அளவையே விதித்தது.

எக்சிடருக்கு மேற்கே எஞ்சியிருந்த அகலப்பாதை 1892 மே மாதத்தில் இரண்டே நாட்களில் மாற்றப்பட்டது. புருனெல் மறைந்து அப்போது 32 ஆண்டுகள் கடந்திருந்தன.