கடலோர வீட்டுக்குத் தளமா, ஓடா, ஷீட்டா?

எங்கள் வீடு வேதாரண்யம் பக்கம். வாசலிலிருந்து கடலுக்கு நடந்தால் பத்து நிமிடம், காற்று கிழக்கே திரும்பினால் அலைச்சத்தம் திண்ணையில் கேட்கும். ஒன்பது சதுரம் ஓட்டு வீடு (ஒரு சதுரம் நூறு சதுர அடி), தாத்தா கட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வடக்கு ஓரத்தில் மூன்று வரிசை ஓடு பறந்து போனது, கொல்லையில் நின்ற தென்னை ஒன்று சமையலறை மேல் சாய்ந்தது. அப்போது கிடைத்த ஓடுகளை வைத்து ஒட்டுப்போட்டதோடு சரி. இப்போது கூரையைத் தாங்கும் கை மரங்களில் பாதி கரையானுக்குப் போய்விட்டதால் கூரையை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். கொத்தனார், தச்சர், ஷீட் போடுகிறவர், தெரிந்த பொறியாளர் ஒருவர் என்று ஆறு மாதமாகப் பேசிப் பேசி எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் காற்று. புயல் கூரையை மேலிருந்து அமுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது நேர் எதிர். காற்று கூரை மேல் வேகமாக ஓடும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது, ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அந்த இழுப்பு இன்னும் அதிகம். நடுவில் ஒரு ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். பொறியாளர் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ விசை, ஒரு சதுரத்துக்குச் சுமார் 630 கிலோ. இனி கூரையின் எடையைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுரத்துக்கு 45 கிலோ கூட வராது. மங்களூர் ஓடு ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 150 பிடிக்கும், ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்றால் 375 கிலோ, மரம் தனி. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சுமார் 2,900 கிலோ. தளத்துக்குத் தன் எடையே போதும். ஓட்டுக்கு எடை பாதி, கட்டு பாதி. ஷீட்டுக்கு ஸ்க்ரூவும் போல்ட்டும்தான் எல்லாம்.

இதை மட்டும் பார்த்தால் தளம்தான் பதில், பேச்சே இல்லை. எங்கள் ஊரில் கஜாவுக்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், காசு புரட்ட முடிந்தவர்கள் தளமும் போட்டார்கள். ஆனால் புயல் என்றோ ஒரு நாள் வருவது. உப்பு தினமும் வருகிறது. எங்களுக்குக் கடல் ஒரு பக்கம், உப்பளம் இன்னொரு பக்கம், சைக்கிள் மணி இரண்டு வருடத்தில் இறுகிப் போகிற ஊர் இது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை இந்த உப்பு எட்டிவிட்டால் அது துருப்பிடிக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அதற்கு இடம் கொடுக்க முடியாமல் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். இதை நான் என் பெரியம்மா வீட்டில் கிட்டத்தில் பார்த்தேன். கட்டி பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. படுக்கையறைக் கூரையில் முதலில் ஒரு பழுப்புக் கோடு, சரியாகக் கம்பி போகிற வழியில். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கோடு விரிசல் ஆனது. கழியால் தட்டினால் நல்ல இடத்தில் கெட்டியாகக் கேட்கும், அந்த இடத்தில் மட்டும் காலிப் பானையைத் தட்டியது போல ஒரு சத்தம். ஒரு நாள் மத்தியானம் ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு அப்படியே கட்டில் மேல் விழுந்தது, நல்லவேளை யாரும் படுத்திருக்கவில்லை. உள்ளே கம்பியை விரலால் தொட்டால் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. மேலே பூசி வெள்ளையடித்து மூன்று முறை மூடினார்கள், மூன்று முறையும் பக்கத்தில் புதிதாக வெடித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் கட்டிய குடியிருப்புகள் பலவற்றிலும் இதே கதைதான்.

தளம் கெட்ட சரக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம் ஊர்க் கொத்தனார்கள் உள்நாட்டில் போடும் தளத்தையே கடலோரத்திலும் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 என்ற இந்திய விதிப்புத்தகம் கடல் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது, அதற்குக் குறைந்தது எம்30 கலவை (எண் கூடினால் வலுவும் கூடும்), கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் கான்கிரீட், அதாவது கவர், வேண்டும் என்கிறது. உப்புக் காற்று நேராகப் படாத மறைவான பக்கத்துக்கு எம்25, 30 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் தளம் போட்ட இடங்களில் கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்கை நான் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் 20 மில்லிமீட்டர், அதுவும் ஆட்கள் மிதித்துப் பாதி நகர்ந்திருந்தது. கவர் கூட்டினால் தளத்தின் கனமும் கூடும், கம்பிக் கணக்கும் மாறும், அதனால் இதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும், கொத்தனார் கண் அளவில் செய்யக் கூடாது.

தண்ணீரும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் வாயில் வைத்தாலே கரிக்கும். கலவைக்கு மட்டும் நல்ல தண்ணீர் லாரி வரவழைத்துவிட்டு, தளம் இறுக மேலே பாத்தி கட்டி நிறுத்த போர் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். உப்பை நாமே ஏழு நாள் ஊறவைத்துக் கொடுப்பது போலத்தான் அது. அப்புறம் சிமெண்ட். கடலோரம் என்றதும் கடைக்காரர் சல்பேட் தாங்கும் சிமெண்டை எடுத்துக் காட்டுவார். கம்பியைக் கெடுப்பது குளோரைடு, அதற்கு அந்த சிமெண்ட் பெரிதாக உதவாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அல்லது இரும்பாலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமெண்ட், கான்கிரீட்டை இன்னும் அடைப்பாக்கி உப்பு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், ஆனால் பொறுமையாக, கூடுதல் நாள் நீராற்ற வேண்டும். மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்து வாட்டம் சரியாகக் கொடுத்தால்தான் மழைத்தண்ணீர் தேங்காது. இவ்வளவும் செய்தால் தளம் நிற்கும். செலவு எல்லாவற்றிலும் அதிகம், பழைய சுவர் இந்த எடையைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி, எங்கள் மண் சாந்துச் சுவர் தாங்காது என்று பொறியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். சித்திரை வைகாசியில் தளத்துக்குக் கீழே படுப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷீட்டுக்கு வருகிறேன். விலை குறைவு, ஒரு வாரத்தில் வேலை முடியும். துத்தநாகம் பூசிய சாதாரண ஜிஐ தகரம் எங்கள் பக்கத்தில் கொஞ்ச வருடத்திலேயே ஓட்டை விழும், அதைப் பேசவே வேண்டாம். கால்வால்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியமும் மீதியில் பெரும்பங்கு துத்தநாகமும் கலந்த பூச்சு, அது நன்றாகவே தாங்கும், ஆனால் வாங்குவதற்கு முன் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள், கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருந்தால் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. அலுமினிய ஷீட் இன்னும் மேல், விலையும் மேல். யூபிவிசி என்ற பிளாஸ்டிக் ஷீட் துருவே பிடிக்காது, ஆனால் அதையும் தாங்கிப் பிடிப்பது இரும்புச் சட்டமும் ஸ்க்ரூவும்தான்.

ஷீட் முதலில் கெடுவது எங்கே தெரியுமா? மேலே இல்லை. மழை படும் மேல்பக்கத்தை மழையே கழுவிவிடுகிறது. இறவாரத்துக்கு அடியில், மழை படாத இடத்தில், உப்பு படிந்து படிந்து அப்படியே தங்குகிறது, துரு அங்கேதான் தொடங்கும். மீன் ஏலக் கொட்டகைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் காசு அளவுக்கு ஒரு பழுப்பு வளையம் தெரியும். சதுரக் குழாயில் வெல்டிங் போட்ட இடத்தில் பூச்சு எரிந்து போயிருக்கும், ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துவிட்டுப் போவார்கள், குழாய் உள்பக்கம் துருப்பதை யாரும் பார்க்க முடியாது. புயல் காற்றில் ஷீட் விட்டு விட்டு இழுபடும்போது ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஸ்க்ரூ சட்டத்திலேயே நிற்க, ஷீட் மட்டும் கழன்று பறக்கும். பறக்கிற ஷீட் அடுத்த வீட்டு ஆளின் கழுத்துக்கு வரும் கத்தி. மாடியில் தளத்துக்கு மேல் நிழலுக்காக ஷீட் போட்டிருப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஷீட்தான் என்று முடிவு செய்தவர்கள் ஓரத்திலும் மூலையிலும் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், சட்டத்தை வெல்டிங் முடிந்த பிறகு முழுதாகத் துத்தநாகத்தில் முக்கி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடையும்போதும் வரும் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான விஷயம், புயல் நொறுக்கிப் போட்ட துண்டுகளைக் குழந்தைகள்தான் பொறுக்குவார்கள். கீற்று, குளிர்ச்சியில் எதுவும் கிட்ட வராது, கொட்டகைக்குப் போடலாம், வீட்டுக்கு வருடா வருடம் வேய ஆளும் இல்லை, நெருப்புப் பயமும் உண்டு.

ஓடு விஷயத்தில் எனக்குப் பாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசத்துக்காகச் சொல்லவில்லை. சுட்ட மண்ணில் துருப்பிடிக்க ஒன்றும் கிடையாது. 1865இல் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிச் சுட ஆரம்பித்த அதே வகை ஓடு, மேற்குக் கடற்கரையின் மழையையும் உப்பையும் தாண்டி இன்றும் பல வீடுகளில் கிடக்கிறது. ஓடுகளுக்கு இடையில் காற்று கசிவதால் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசமும் கொஞ்சம் குறைகிறது. உடைந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றைச் செருகலாம். ஒழுகினால் அன்றே தெரியும், கை மரம் பூஞ்சை பிடித்தால் அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பெரியம்மா வீட்டுத் தளம் பத்து வருடம் யாருக்கும் தெரியாமல் உள்ளேயே கெட்டுக்கொண்டிருந்ததே, அதைப் பார்த்த பிறகு எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கே கெடுகிறது என்று என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், என் கைக்கு எட்டும் செலவில் சரிசெய்ய முடிய வேண்டும்.

குறைகளும் உண்டு. ஓரத்து வரிசைகள் முதலில் பறக்கும். தென்னை விழுந்தால் ஓடு, கை மரம், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் எல்லாம் சேர்ந்து உள்ளே வரும், அந்த இரவு சமையலறையில் யாராவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்றும் சொல்லி நடுங்குவாள். ஓட்டு வேலை தெரிந்த தச்சர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைந்துவிட்டார்கள். புது ஓடு கிடைப்பதும் முன்பு போல இல்லை, கேரளத்தில் இடித்த வீடுகளின் பழைய ஓடுதான் லாரியில் வருகிறது. வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள், கணீர் என்றால் எடுங்கள், மந்தமாக ஒலித்தால் சரியாக வேகாத ஓடு, உப்பு ஏறி மேல்தோல் உதிரும்.

மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் ஒரு சின்ன முளையும் அதில் ஒரு துளையும் இருக்கும், கம்பி கட்டுவதற்கு. எங்கள் பழைய கூரையில் ஒரு ஓட்டில்கூட அந்தத் துளையில் கம்பி கோத்திருக்கவில்லை. அதுதான் அந்த மூன்று வரிசை போன காரணம் என்று தச்சர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கட்டுக்கம்பி வாங்கிக் கட்டினால் இரண்டு மழையில் துருத்துவிடும், துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியோ செம்புக் கம்பியோ வேண்டும். சரிவும் முக்கியம், ஏறக்குறைய 30 டிகிரி, இரண்டு பக்கச் சரிவை விட நாலு பக்கமும் சரியும் கூரை காற்றுக்கு நல்லது. தாழ்வாரத்தின் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாக விடாமல் தனியாக நிறுத்தினால், புயலில் தாழ்வாரம் போனாலும் வீட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகாது.

நாங்கள் எடுத்த முடிவு இரண்டும் கலந்தது. பின்பக்கம் சமையலறையும் அதை ஒட்டிய ஒரு அறையும் புதிதாகத் தூண் எழுப்பித் தளம், எம்30 கலவை, 45 மில்லிமீட்டர் கவர், லாரித் தண்ணீர், அது மூன்று சதுரம். தென்னை விழுந்தாலும் குடும்பம் அந்த அறையில் ஓர் இரவு உட்கார்ந்திருக்க முடிய வேண்டும். கூடமும் முன்னறையும் ஓடு, கை மரத்துக்கு வைரம் பாய்ந்த பனை, சுவரின் தலையில் கான்கிரீட் பெல்ட் ஓட்டி அதில் பட்டை வைத்து மரத்தைப் பிணைப்பது. மொத்தமும் தளம் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவை விடக் குறைவு, மொத்தமும் ஷீட் போட்டிருந்தால் ஆகியிருப்பதை விட அதிகம். தம்பிக்கு ஷீட் மேல்தான் இன்னும் ஆசை, மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன்.

ஓரத்து மூன்று வரிசை, முகடு, மூலைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஓட்டையும் கட்டுவது என்று பேசியாகிவிட்டது. தச்சர் கூடுதல் நாலு நாள் கூலி கேட்டார், சரி என்றேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டுமென்றால் ஆனியிலேயே பழைய ஓட்டை இறக்கியாக வேண்டும். நேற்று நானும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து, முதல் சுமையாக வந்த இருநூறு ஓட்டைச் சுண்டிப் பார்த்தோம், முப்பத்தொன்று ஒதுக்கினோம்.