மின்தடை ஊரில் சிஸ்டம்டி: காரைக்குடிக் கடையொன்றில் நீண்டநாள் பயன்பாடு

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்கும் கடையொன்றின் பில்லிங் கணினியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இப்போது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அந்தப் பழைய டெஸ்க்டாப்புக்குத் திரை கிடையாது; தேவகோட்டையில் வீட்டிலிருந்தாலும் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்து, கட்டளை வரியிலேயே வேலையை முடித்துவிடுவது வழக்கம். லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கிய சிஸ்டம்டி, 2015இல் வெளியான டெபியன் 8 முதல் அந்த இயங்குதளத்தின் இயல்பான சேவை மேலாளராக, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களைத் தொடங்கி, நிறுத்தி, கவனித்துக்கொள்ளும் கருவியாக இருக்கிறது. எல்லா வேலையையும் அது தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்ற பழைய புகாரில் நியாயம் உண்டு. எனினும் கரண்ட் சொல்லாமல் போகும் ஊரில் எனக்கு அதைவிடத் தோதான கருவி வாய்க்கவில்லை. அதன் இயல்பு அமைப்புகளில் சிலவற்றை மட்டும் மாற்றியே ஆகவேண்டும்.

முதலில் மறுதொடக்கம். பில்லிங் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் அதன் சேவைக் கோப்பில் விழுந்தால் மீண்டும் தொடங்கச் சொல்லும் ‘ரீஸ்டார்ட்’ என்ற வரியை மட்டும் வைத்திருந்தார். டேட்டாபேஸுக்குப் பிறகே தொடங்கவேண்டும் என்ற ‘ஆஃப்டர்’ வரி இல்லை. மின்தடையில் திடீரென அணைந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மீண்டும் எழும்போது மீட்புப் பணியை முடிக்கும்வரை எந்த இணைப்பையும் ஏற்காது. சிஸ்டம்டியோ விழுந்த சேவையை 100 மில்லி விநாடி இடைவெளியில் மறுபடி எழுப்புகிறது. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடுகிறது. ஆகவே, டேட்டாபேஸ் கண்விழிப்பதற்குள் பில்லிங் சேவை தோற்றுக் கிடக்கும். “தம்பி, கரண்டு வந்துருச்சு, பில்லு மட்டும் வரலையே” என்று கடை ஆச்சி அழைப்பார். பதிவில் ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி’ என்ற வரி நிற்கும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து, ‘ஆஃப்டர்’ வரியைச் சேர்த்து, மறுதொடக்க இடைவெளியைக் குறிக்கும் ‘ரீஸ்டார்ட்செக்’ மதிப்பை 10 விநாடி ஆக்கியதும் அந்த அழைப்புகள் நின்றன. இந்தக் கட்டளை மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு மேலெழுதுகோப்பை உருவாக்குவதால், மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நம் மாற்றம் அழிவதில்லை என்பது பெரிய நிம்மதி.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டெபியனில் போஸ்ட்கிரெஸின் நிலையைக் கேட்டால் ‘ஆக்டிவ், எக்ஸிட்டட்’ என்று பதில் வரும். பார்த்தவர் டேட்டாபேஸ் நின்றுவிட்டதென்று பதறுவார். உண்மையில் அது வெறும் உறைச் சேவை, நிஜமாக ஓடுவது ‘15-மெயின்’ என்ற பின்னொட்டோடு தனியாக இருக்கும்.

பதிவேடுகளில்தான் எனக்கு மனக்குறை அதிகம். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல், தன் பதிவுகளை இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதிப்படுத்துகிறது; மிகக் கடுமையான பிழைகள் மட்டுமே உடனே எழுதப்படும். எனவே மின்சாரம் போவதற்குச் சற்று முன் நடந்தவை, அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் வரிகள், தொலைந்துபோக வாய்ப்புண்டு. ஜர்னல்டி அமைப்புக் கோப்பில் ‘சிங்க்இன்டர்வல்செக்’ மதிப்பை 30 விநாடியாகக் குறைத்தேன். வட்டுக்குச் சற்று வேலை கூடினாலும் பரவாயில்லை. கூடவே ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ அளவை 300 எம்பியாகக் கட்டிவைத்தேன், ஏனெனில் தானாக விட்டால் அது வட்டில் பத்தில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 4 ஜிபி, எடுத்துக்கொள்ளும். இவ்வளவு குறை சொன்னாலும், ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1’ என்று கேட்டதும் கணினி அணைவதற்கு முந்தைய ஓட்டம் முழுவதையும் தனியே எடுத்துத் தரும் வசதியை, பழைய சிஸ்லாக் கோப்புகளைத் துழாவியவர்களே முழுமையாக மெச்சமுடியும்.

இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிடுவதால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பழைய கருவியான கிரானில் நள்ளிரவுக்குக் குறித்த பேக்கப் பலநாள் ஓடாமலே போயிற்று. அதைச் சிஸ்டம்டியின் டைமராக மாற்றி ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை இயக்கியபின், தவறிய வேலை காலையில் கணினி எழுந்ததும் தானே நடந்துவிடுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, டைம்டேட்சிடிஎல் கொண்டு ஏசியா/கொல்கத்தா மண்டலத்தை அமைப்பது ஒரே கட்டளை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்த நாள்களில், இணையம் கிடைத்து நேரம் சரியாகும்வரை பில்களில் தவறான தேதி விழுந்தது. நேரம் ஒத்திசையும்வரை பில்லிங்கைக் காத்திருக்கச் செய்யும் வழி சிஸ்டம்டியில் இருக்கிறது. ஆனால் இணையம் வராத நாளில் கடை வியாபாரமே நின்றுவிடும் என்பதால் அதை ஏற்காமல், சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டேன்.

ஜர்னல் கோப்புகள் பைனரி வடிவில் இருப்பது இன்றும் உறுத்துகிறது. கணினியே எழாதபோது வட்டைக் கழற்றி வேறொரு விண்டோஸ் மடிக்கணினியில் மாட்டி, நோட்பேடில் திறந்து படிக்க இயலாது. லைவ் யூஎஸ்பியில் லினக்ஸை ஏற்றி, ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் பெரிய டி’ என்று அந்த வட்டிலுள்ள ஜர்னல் அடைவைக் காட்டித்தான் படிக்கவேண்டும். அதற்காகவே ஒரு யூஎஸ்பியைக் கடையின் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.