சுண்டெலியா, கினிப்பன்றியா, குரங்கா? ஹெர்பிஸ் ஆய்வில் எது எதற்கு

ஹெர்பிஸ் குடும்ப வைரஸ் ஒருமுறை உடலுக்குள் வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. நரம்பு முடிச்சிலோ ரத்த அணுக்களிலோ பதுங்கிக் கிடந்து, நேரம் பார்த்துத் தலைதூக்கும். அதனால் ஆய்வுக்கு விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போது தொற்று பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதுங்கிய வைரஸ் தானாகக் கிளம்புகிறதா என்று கேட்க வேண்டும். எல்லோரும் முதலில் கைவைக்கும் சுண்டெலி இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

சுண்டெலியின் கருவிழியை ஊசியால் லேசாகக் கீறி எச்.எஸ்.வி-1 (பெரும்பாலும் வாயிலும் கண்ணிலும் புண் தரும் ஹெர்பிஸ் வைரஸ்) சொட்டுவிட்டால், சில நாட்களில் வைரஸ் முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முடிச்சைச் சென்றடையும். ஒரு மாதத்துக்குள் உறங்குநிலைக்குப் போய்விடும். அதன்பின் தானாக எழுவது மிக அரிது. உடலைச் சூடேற்ற வேண்டும், புற ஊதா ஒளி காட்ட வேண்டும். இல்லையென்றால் முடிச்சையே வெட்டியெடுத்து வளர்ப்புத் தட்டில் போட்டு வைரஸ் வெளிவருகிறதா என்று காத்திருக்க வேண்டும். முயலின் கண்ணில் அந்தத் தொல்லை குறைவு. அங்கே வைரஸ் தானாகவே கண்ணீரில் வந்துபோகும்.

கினிப்பன்றி இன்னும் நெருக்கம். பெரும்பாலும் பிறப்புறுப்பைத் தாக்கும் எச்.எஸ்.வி-2 வைரஸை அங்கே தொற்ற வைத்தால் முதல் கொப்புளங்கள் சுமார் இரண்டு வாரத்தில் ஆறும். பிறகு எந்தத் தூண்டுதலும் இல்லாமல் விட்டுவிட்டு மறுபடி வரும், மனிதருக்கு வருவதுபோலவே. நாள்தோறும் ஒவ்வொரு விலங்கையும் கையில் எடுத்து, வெறும் சிவப்பா, கொப்புளமா, புண்ணா என்று பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மருந்து கொடுத்த கூட்டத்தில் புண் இருந்த நாட்கள் குறைந்தனவா என்பதே தீர்ப்பு. சலிப்பான வேலைதான், ஆனால் நோயாளி கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வேலை. குறை என்னவென்றால், வேண்டிய மரபணுவை நீக்கிய எலி வகைகள் ஏராளமாகக் கிடைப்பதுபோல் கினிப்பன்றியில் கிடைக்காது. நோயெதிர்ப்பு அணுக்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளும் குறைவு.

நோய் மறுபடி தலைதூக்குவதைத் தடுக்கும் மருந்துக்குச் சுண்டெலி முடிவை மட்டும் காட்டினால் நான் நம்பமாட்டேன். கினிப்பன்றியும் உத்தரவாதம் அல்ல. அதில் நல்ல பாதுகாப்புக் காட்டிய ஜிடி புரதத் தடுப்பூசியை (வைரஸின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தால் ஆனது) 8,323 பெண்களிடம் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எச்.எஸ்.வி-1 பிறப்புறுப்பு நோயை அது ஓரளவு தடுத்தது, எச்.எஸ்.வி-2விடம் எடுபடவில்லை.

உறங்கும் வைரஸோடு நோயெதிர்ப்பு மண்டலம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பது கேள்வியானால் கதை வேறு. மனித வைரஸை எலிக்குள் திணிக்காமல், எலியின் சொந்த வைரஸையே எடுப்பது மேல். ஹெர்பிஸ் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரான மனித சைட்டோமெகலோவைரஸ் வேறு இனத்தில் பெருகவே பெருகாது. எலியின் சைட்டோமெகலோவைரஸோ, நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களில் குறிப்பிட்ட சில காலம் போகப் போகக் குறையாமல் பெருகிக்கொண்டே இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. எலிகளைத் தொற்றும் இன்னொரு ஹெர்பிஸ் வைரஸான எம்.எச்.வி-68 உறங்கும் எலிகள் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவையும் பிளேக் கிருமியையும் கூடுதலாகத் தாங்கியதாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பாதுகாப்பு நிலையானதல்ல என்று பின்னர் தெரிந்தது.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தொற்றுவது பற்றியென்றால் எலி வைரஸ் உதவாது, அது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. கினிப்பன்றியின் சைட்டோமெகலோவைரஸ் தாண்டும்.

ரீசஸ் குரங்கு உடலமைப்பில் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் சைட்டோமெகலோவைரஸில் எஸ்.ஐ.வி. (எச்.ஐ.வி.யின் குரங்கு உறவு வைரஸ்) மரபணுக்களைச் சேர்த்த தடுப்பூசி, போட்ட குரங்குகளில் ஏறக்குறையப் பாதியில் எஸ்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தியது. ஆனால் செலவு அதிகம், எண்ணிக்கை குறைவு, அறநெறிக் கேள்விகள் கனமானவை. மகாக் குரங்குகளைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாத, அவற்றின் சொந்த ஹெர்பிஸ் வைரஸான பி வைரஸ், கடியாலோ கீறலாலோ பராமரிப்பவருக்குத் தொற்றினால் உயிரைப் பறிக்கக்கூடும். வேறு விலங்கில் விடை கிடைக்காது என்று உறுதியான பிறகே குரங்குக்குப் போக வேண்டும்.