ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000: வாங்கும்போது பார்த்ததும் ஓட்டித் தெரிந்துகொண்டதும்

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் போனவுடன் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். 1974ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000 வெலோசே ஒன்றை ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில், சில ஆண்டுகளாக வைத்து ஓட்டி வருகிறேன். அதன் என்ஜினில் வந்த தொல்லைகள் எல்லாமே ஒரு நல்ல மெக்கானிக்கின் கைக்கு அடங்கின. துருப்பிடித்த உடலை வாங்கியவர்கள் படும் பாட்டையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். முதல் முறை வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏன் ஸ்பைடர்? ஃபெராரி 308 மீதும் ஆசை இருந்தது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதன் டைமிங் பெல்ட்டுகளைக் காலக்கெடுவில் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு என் கைக்கு எட்டாது. ஸ்பைடரில் அந்தப் பெல்ட்டின் வேலையை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளைச் சுழற்றுவதை, ஒரு சங்கிலி செய்கிறது. 1966இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 1990களின் தொடக்கம் வரை, பின்னின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்த அதே அடிப்படை உடலோடு ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் இது. அதனால் ரப்பர் வாஷர் முதல் முழு ஃபெண்டர் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. முதல் ஸ்பைடரின் உருண்டு நீண்ட வால்பகுதியைத்தான் பலர் கொண்டாடுகிறார்கள், விலையும் அதற்கே அதிகம். 1970 மாடலிலிருந்து வந்த, வெட்டிவிட்டது போன்ற வால்தான் எனக்கு அழகு.

வாங்கும் முன் பல கார்களைப் பார்த்தேன். என்னோடு வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே மெக்கானிக்காக இருக்கும் ஓர் அண்ணன். ஒரு சிவப்பு ஸ்பைடர் கண்ணைப் பறித்தது: புதுப் பெயிண்ட், புதுத் தோல் இருக்கை, பளபளக்கும் வால்வு கவர். அவர் பானெட்டுப் பக்கமே போகவில்லை. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியைக் கொடுத்து ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கினார். "தம்பி, இப்ப கதவைத் திறந்து மூடும்" என்றார். திறந்தது, மூடும்போது பின்விளிம்பு உடலில் இடித்தது. கைக்குட்டைக்குள் வைத்திருந்த சிறு காந்தத்தைக் கதவுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போனார். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் காந்தம் பிடிப்பின்றிக் கீழே விழுந்தது. அங்கே இருந்தது தகரம் அல்ல, பட்டி. விற்க வந்தவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அந்தச் சோதனை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். தகட்டுக் கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பு, கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவச் சட்டம்தான். அது வலுவிழந்தால் காரைத் தூக்கும்போது உடல் வளையும், கதவு இடிக்கும். ஸ்பைடரில் அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. துணிக்கூரையின் ஓரத்தில் வழியும் மழைநீர் சிறு குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் இந்தச் சட்டத்துக்குள் தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு ஏற்கெனவே போயிருக்கும். மேலே புதுத் தகடு ஒன்றை வெல்டிங் செய்து மூடுவது பலர் செய்யும் வேலை. முறையாகச் செய்ய மூன்றையும் வெட்டி எடுக்க வேண்டும். அப்போது கார் வளையாமல் இருக்கக் கதவு வாசலில் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவில் ஒரு என்ஜினை முழுவதும் பிரித்துச் செய்துவிடலாம். தரைத்தகடு, முன் ஃபெண்டர்களின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றையும் விரலால் தட்டிப் பாருங்கள்.

நான் வாங்கியது மங்கிய வெள்ளை நிறம், கிழிந்த இருக்கை, அடியில் அசல் தகடு.

பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு குறிப்பு. ஐரோப்பாவுக்கான 2000 என்ஜினின் எண் ஏ.ஆர். 00512 என்று தொடங்கும். அமெரிக்காவுக்குப் போனதில் வேறு எண் இருக்கும். அதில் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை என்ஜினுக்குள் பீய்ச்சும் ஸ்பைகா என்ற இயந்திர எரிபொருள் பம்பு. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கார்கள் மோசம் என்று ஒதுக்க வேண்டாம். வறண்ட மாநிலங்களில் கிடந்தவற்றின் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எது எங்கே போனது என்று தெரிந்து வாங்க வேண்டும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து தயாரிப்புத் தேதி, அசல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களோடு சான்றிதழ் பெறலாம்.

இனி என்ஜின். 1962 சிசி, முழு அலுமினியம், இரட்டை கேம்ஷாஃப்ட். 1954இல் ஆல்ஃபாவின் ஜூலியெட்டா காரோடு வந்த என்ஜின் குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. இதன் பலவீனம் ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் அடிப்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்பு. எண்ணெய் மேலேறும் வழிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அவை காய்ந்து சுருங்கினால் எண்ணெய் கசியும், தண்ணீரோடு கலக்கும். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலமோ, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மோர் நிறத்தில் நுரையோ தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். என் காரில் அந்தக் கேஸ்கட்டை மாற்றியாயிற்று. குளிர்ந்த என்ஜினை முறுக்கக் கூடாது என்பதே அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி. நீர் சூடான பிறகும் எண்ணெய் சூடாக நேரம் பிடிக்கும். எண்ணெய் அழுத்த முள் இறங்கி நிலைக்கும் வரை பொறுமையாகப் போகிறேன்.

இரண்டாவது கியரின் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம், தேய்வது இந்தக் கார்களின் பொது நோய். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு முதல் கியரிலிருந்து மூன்றாவதற்குத் தாண்டிப் போகும் பழக்கம் பல உரிமையாளர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. டேஷ்போர்டுக்குக் கீழிருந்து சாய்வாக நீளும் அந்தக் கியர் கம்பி சூடான பிறகு கையோடு ஒட்டிக்கொள்கிறது.

அதை உணர வேண்டுமென்றால் பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைமுகட்டில் போகும் பி 500 சாலைக்கு வர வேண்டும். கூரையை இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். மூன்றாவது கியரில் நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போது இரண்டு கார்புரேட்டர்களும் காற்றை உறிஞ்சும் ஓசை சைலன்சரின் ஓசையை அமுக்கிவிடுகிறது. சுமார் 130 குதிரைத்திறன் இன்றைய கணக்கில் பெரிதில்லை. எடை ஒரு டன்னை ஒட்டியே இருப்பதால் வளைவுக்கு வளைவு அது போதும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருப்பதால் இறக்கத்தில் பயமில்லை. ஓட்டும் வாகுதான் விசித்திரம்: ஸ்டியரிங் எட்டப் போக, பெடல்கள் கிட்ட வருகின்றன. நெடுந்தூரம் போனால் முழங்கால் வலிக்கும். மழையில் கண்ணாடி ஓரம் ஒழுகும், ஹெட்லைட் போதாது.

செலவு விஷயத்தில் பெரிய அதிர்ச்சி ஏதுமில்லை. முப்பது வயது தாண்டி, அசல் நிலையில் நன்றாக இருக்கும் கார்களுக்கு இங்கே எச் என்று முடியும் நம்பர் பிளேட் தருகிறார்கள். ஆண்டு வரி 191 யூரோ சொச்சம், நகரின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்திலும் தடையில்லை. பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். பழைய ரப்பரில் கசிவு வந்தால் சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுக்கென்று தனியாக வைத்திருந்தேன். அது சரியாக இருந்தது. சாலையில் உப்புத் தூவும் மாதங்களில் கார் வெளியே வராது.

வருகிற குளிர்காலத்தில் கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம். இரண்டாவது கியரின் சின்க்ரோ வளையத்தை மாற்றுவதோடு, கிளட்ச் தகட்டையும் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்னால் இருக்கும் ரப்பர் கப்ளிங்கையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன். அந்த ரப்பரில் வெடிப்பு விழத் தொடங்கிவிட்டது. பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.