பால் கக்கும் குழந்தை: டப்பாவை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா?

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை அடிக்கடி கக்கினால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பவுடரை மாற்று என்பார் ஒருவர், பாட்டிலை மாற்று என்பார் இன்னொருவர், சொட்டு மருந்து வாங்கிக் கொடு என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பாட்டி மட்டும் "கக்குற பிள்ளை தக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். பெரும்பாலும் பாட்டி சொல்வதுதான் சரி. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசை இன்னும் சரியாக இறுகாத வயது, சாப்பாடு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை, அப்புறம் பால் மேலே வராமல் என்ன செய்யும்? நாலாவது மாதத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், உட்காரத் தொடங்கியதும் குறையும், ஒரு வயதுக்குள் அநேகமாக நின்றுவிடும்.

ஆனால் வாந்தி பச்சையாக வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முதல் இரண்டு மாதத்தில் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் பீய்ச்சியடித்து வாந்தி எடுப்பது, எடை ஏறாமல் இருப்பது, சிறுநீர் குறைவது, காய்ச்சல், இவையும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். எல்லோரும் முதலில் மாற்றுவது டப்பாவை. என்னைக் கேட்டால் கடைசியில் செய்ய வேண்டியது அதுதான். முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்பது முதல் சில மாதங்களுக்குப் பொதுவான கணக்கு. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, அதை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75. இதே குழந்தைக்கு வேளைக்கு 120 கலக்கி, மிச்சம் வைத்தால் வீண் என்று கடைசிச் சொட்டு வரை வாயில் திணித்தால் அந்தச் சின்ன வயிறு திருப்பித்தான் தரும். தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், கீழே கொட்டிவிடுங்கள். மொத்த அளவை வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பது காசு செலவில்லாத வழி, ஆபத்தும் இல்லை. ஒரே குறை, ராத்திரித் தூக்கம் இன்னும் கெடும். பவுடரைக் கூடுதலாகப் போட்டுக் கலக்கினால் பால் வயிற்றில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு, சிறுநீரகத்துக்குச் சுமை. கரண்டியைத் தலைதட்டி, டப்பாவில் போட்டிருக்கும் தண்ணீர் அளவுக்குத்தான் போட வேண்டும்.

அடுத்தது பாட்டில். காற்றைத் தடுக்கும் பாட்டில் என்று விலை அதிகமுள்ளவை வருகின்றன, சில குழந்தைகளுக்கு உதவுகின்றன. அதை வாங்கும் முன் இருக்கிற நிப்பிளைப் பாருங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடினால் ஓட்டை பெரிது, குழந்தை மூச்சுவிட நேரமில்லாமல் மடக்மடக்கென்று விழுங்கும். (ஊசியைச் சூடாக்கி ஓட்டையைப் பெரிதாக்கும் கைவேலை இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம்.) குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வைத்து, நடுநடுவே நிறுத்தி ஏப்பம் எடுக்க வைத்தால் சாதா பாட்டிலிலேயே பாதிப் பிரச்சினை அடங்கும். பாலாடை என்னும் மூக்குவைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுப்பதும் நல்ல வழிதான், கழுவுவது சுலபம், ஆனால் பொறுமையாக ஊட்ட வேண்டும். அவசரத்தில் வாயில் ஊற்றினால் பாட்டிலைவிட மோசம்.

இதற்கும் அடங்காமல், குழந்தை கக்கும்போதெல்லாம் வலியில் அழுதால்? கெட்டியாக்கிய பால் பவுடர் உண்டு, டப்பாவில் ஏஆர் (ஆன்டி-ரிகர்ஜிடேஷன், கக்குவதைத் தடுப்பது) என்று போட்டிருக்கும். கக்குவது கண்ணுக்குத் தெரியும்படி குறையும். வீட்டில் அரிசி மாவு கலப்பது அதற்கு மலிவான மாற்று போலத் தோன்றும், ஆனால் அளவும் பதமும் வேளைக்கு வேளை மாறும், கலோரி ஏறும், புரையேறும் அபாயமும் உண்டு. இரண்டில் ஒன்று என்றால் ஏஆர்தான், அதுவும் டாக்டரைக் கேட்டு. குறைமாதக் குழந்தை என்றால் கேட்காமல் தொடவே கூடாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முதலில் அளவு, பிறகு இடைவெளி, பிறகுதான் கெட்டிப் பால் என்றே வரிசைப்படுத்துகிறது.

ஏஆரை விட்டால், பவுடரையே மாற்றுவதில் நியாயம் இருக்கும் ஒரே இடம் பசும்பால் புரத ஒவ்வாமை. கக்குவதோடு மலத்தில் ரத்தம், தோலில் விடாத சொறி என்று சேர்ந்து வந்தால் டாக்டரே புரதத்தைச் சிதைத்த சிறப்புப் பவுடரைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். விலை கடுமை, ருசியும் குழந்தைக்குப் பிடிக்காது. மற்றபடி ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தாவுவதில் பெரிய பயன் இல்லை, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

சொட்டு மருந்து எனக்குப் பிடிக்காத வழி. அமில மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், பால் மேலே வருவதை நிறுத்தாது. ஒரு காலத்தில் தாராளமாக எழுதப்பட்ட ரானிடிடின் என்ற அமில மருந்தை 2020-இல் அமெரிக்கா சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் டோம்பெரிடோனுக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும் அபாயம் உண்டு. கிரைப் வாட்டர் கொடுத்தால் கொடுத்தவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

படுக்க வைப்பதிலும் சண்டை உண்டு. குடித்ததும் தூளியில் போட்டால் உடம்பு வளைந்து வயிறு அழுந்தும், அதற்குப் பதில் 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது மேல். தூங்கும்போது தலையணை வைத்துச் சாய்ப்பதும் குப்புறப் போடுவதும் கூடாது, சமதளத்தில் மல்லாந்துதான். மல்லாந்து படுத்தால் புரையேறுமே என்ற பயம் புரிகிறது. அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் ஏறுவது கடினம். குப்புறப் போட்டால்தான் இது தலைகீழாகிறது.