மாநாட்டுக்கு ஹோட்டலா, பல்கலைக்கழக வளாகமா?

கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு ஒன்றை நடத்தும் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தபோது, முதலில் எழுந்த கேள்வி இடம் பற்றியதுதான். வளாகத்திலேயே நடத்துவது என்று முடிவெடுத்தோம். மறுபடியும் பொறுப்பு வந்தால் அதையேதான் சொல்வேன்.

ஹோட்டலில் வசதி அதிகம். அரங்கு, மைக், தேநீர், தங்கும் அறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அரங்க வாடகையைக்கூடப் பல ஹோட்டல்கள் குறைத்துத் தரும், சில கேட்கவே கேட்காது. ஆனால் அதற்கு ஈடாக அறைகளுக்கு உத்தரவாதம் எழுதிக் கேட்பார்கள்.

செலவில் கவனிக்க வேண்டியது இந்த உத்தரவாதத்தைத்தான். நான்கு இரவுகளுக்கு 100 அறைகளை ஒதுக்கச் சொல்லி, 80 சதவீதம் நிரம்பும் என்று கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள்வோம். 55 அறைகள்தான் நிரம்பின என்றால், உத்தரவாதம் கொடுத்த 80 அறைகளில் மீதி 25-இன் நான்கு இரவு வாடகை மாநாட்டின் தலையில் விழும். சாப்பாட்டுக்கும் இதேபோல ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும்.

நம் துறையில் இது இன்னும் ஆபத்து. ஒப்பந்தம் போடுவது ஓராண்டுக்கு முன்னால். எந்தக் கட்டுரைகள் தேர்வாகின என்பது தெரிவதோ மாநாட்டுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது. வருபவர்களில் பலர் ஆய்வு மாணவர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறை எடுப்பார்கள், அல்லது மலிவான இடம் தேடிப் போவார்கள். விசா தாமதமாகிக் கடைசி வாரத்தில் சிலர் நின்றுவிடுவார்கள். நிறுவனங்களின் நன்கொடையும் பெரும்பாலும் கடைசியில்தான் கைக்கு வரும். மாணவர்களுக்கென்று வந்த பயண நல்கையை எடுத்து ஹோட்டல் பாக்கியைக் கட்டவும் முடியாது.

வளாகத்தில் செலவு பெரும்பாலும் தலைக்கணக்குதான். ஆள் குறைந்தால் சாப்பாட்டுச் செலவும் குறையும். விடுதி அறைகளை மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தரலாம். அப்புறம் கரும்பலகை! ஓர் உரை முடிந்ததும் இரண்டு பேர் முன்னால் போய் ஒரு துணைத்தேற்றத்தை எழுதுவதும் அழிப்பதுமாக நின்றுவிடுவார்கள். மாநாடு நடத்துவதே அதற்காகத்தானே?

வளாகத்திலும் சிக்கல் உண்டு. விடுமுறைக் காலத்தில்தான் அரங்குகளும் விடுதிகளும் காலியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பதிவுக் கட்டணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது என்று கணக்குப் பிரிவிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும்.

நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் துறையின் பெரிய மாநாடுகளில் ஸ்டாக்குக்குப் (STOC) பின்னால் ஏசிஎம் (ACM) என்ற கணினியியலாளர் சங்கம் இருக்கிறது, ஃபாக்ஸுக்குப் (FOCS) பின்னால் ஐஇஇஇ (IEEE) என்ற பொறியாளர் சங்கம் இருக்கிறது. கணிப்புச் சிக்கலியல் மாநாடான சிசிசி ஐஇஇஇ-யிலிருந்து பிரிந்து, 2015 முதல் கட்டுரைத் தொகுப்பை ஜெர்மனியின் டாக்ஸ்டூல் கணினியியல் மையம் நடத்தும் லிப்பிக்ஸ் (LIPIcs) என்ற வெளியீட்டு வரிசையில் வெளியிடுகிறது. ஏசிஎம்மை விட்டு வந்த கணிப்பு வடிவியல் மாநாடும் அப்படித்தான். இப்படித் தனித்து நிற்கும் மாநாடுகளுக்கு வளாகமே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

ஒரே அரங்கில் நடக்கும் அளவான மாநாட்டை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். நூற்றுக்கு மேல் கட்டுரைகள், ஒரே நேரத்தில் பல அமர்வுகள் என்று போகும் ஸ்டாக் போன்றவற்றுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த அளவில் நடத்திய அனுபவம் எனக்கில்லை.

ஹோட்டல்தான் என்றாகிவிட்டால், அறைகளைக் குறைவாகவே ஒதுக்கச் சொல்லுங்கள். நிரம்பாத அறைகளை அபராதமில்லாமல் திருப்பித் தர ஒரு கடைசித் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத ஹோட்டலை விட்டுவிட்டு அடுத்த ஹோட்டலைப் பாருங்கள்.